கிள்ளானுக்குப் போன இசைத்தட்டுப் பெட்டி

அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, காரின் பின்னிருக்கையில் எனக்குக் கிடைத்த இடம் ஒரு முழ அகலம்தான். ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் அலுமினிய விளிம்பு வைத்த கறுப்புப் பெட்டி, மடியில் பழமும் வெற்றிலையும் பூவும் அடுக்கிய தாம்பாளம். பெட்டிக்குள் எண்பது இசைத்தட்டுகள். முன்னிருக்கையில் பட்டுப்புடவை கட்டியிருந்த அம்மா, பாதிவழி வரை அந்தப் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“இதை வீட்டுல வச்சிட்டு வந்தா என்னடா?”

“மூணு மணிக்கு டீ டான்ஸ்மா. கிள்ளான்லேர்ந்து நேரா அங்கதான் போகணும்,” என்றார் காரை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அண்ணன் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்து டிஸ்கோவில் டிஜே. மற்ற நாட்களில் இரவு வேலை. ஞாயிறு மட்டும் பிற்பகலில், பள்ளி மாணவர்களுக்காக, வெறும் சர்பத்தும் கோலாவும் கொடுத்து நடத்தும் ஆட்டம். அதற்குத்தான் டீ டான்ஸ் என்று பெயர். தேநீரை அங்கே யாரும் கண்ணால் கண்டதில்லை. நான் அப்போது ஆறாம் படிவம், பள்ளியின் கடைசி வகுப்பு. என் வகுப்பில் பாதிப் பேர் அங்கே போய்வந்து கதை சொல்வார்கள். டிஜேயின் சொந்தத் தங்கையான எனக்கு மட்டும் அனுமதி இல்லை.

செந்தூல் அடுக்குமாடியில் எங்கள் வீடு அண்ணனின் தூக்கத்தைச் சுற்றித்தான் நடந்தது. நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் படுப்பார். அவர் அறைச் சன்னலில் நாளிதழ் ஒட்டியிருக்கும். அம்மா தாளிப்பதற்குக்கூட சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அண்ணன் பிற்பகலில் எழுந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்வார். எங்களுக்கு ஒரு சத்தமும் வராது. அவர் தோள்கள் மட்டும் அசையும். அப்பா இறந்த பிறகு அந்தத் தோள்களின் மேல்தான் வீடு ஓடியது என்பதை நான் அப்போது யோசித்ததில்லை. ஊமைப் படம் பார்க்கிற மாதிரி வாசலில் நின்று சிரித்திருக்கிறேன்.

அவருடைய தட்டுகளில் ஒன்றிலும் பாட்டின் பெயர் இருக்காது. மற்ற கிளப்புகளின் டிஜேக்கள் வாடிக்கையாளர் மாதிரி வந்து, எட்டிப் பார்த்து, பெயரை மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுவார்களாம். அதனால் தட்டின் நடுவிலுள்ள வட்டத்தின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிடுவார். அந்தக் காகிதத்தின் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. பொட்டு ஊசிக்கு நேரே வரும் நொடியில் தாளம் தொடங்கும். அந்த நொடியில் கையை விட்டால் முந்தைய பாட்டோடு புதிய பாட்டு ஒட்டிக்கொள்ளும். வேகப் பாட்டுக்குச் சிவப்பு, மெதுவான பாட்டுக்குக் கறுப்பு. டிஸ்கோவின் அரை இருட்டிலும் தெரிகிற, வேண்டியபோது உரித்தெடுக்க முடிகிற பொருள் வேறெதுவும் அவருக்கு அகப்படவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வளையல் கடையில் அட்டை அட்டையாக வாங்குவார். “யாருக்கு தம்பி இவ்ளோ பொட்டு?” என்று கடைக்கார அக்கா கேட்டால், “தங்கச்சிக்கு” என்பார். நான் வைப்பது சாந்து.

கல்யாணம்தான் நகரவில்லை. முதலில் வந்த இரண்டு வரன்களும் டிஸ்கோ என்ற ஒரு சொல்லோடு பின்வாங்கிவிட்டன. ஒரு வீட்டில் ஜாதகத்தைத் தபாலில் திருப்பி அனுப்பினார்கள், ஒரு வரிக் கடிதம்கூட இல்லாமல். அண்ணனுக்கு முப்பத்திரண்டு ஆகியிருந்தது. ஆகவே இந்த மூன்றாவது வரனிடம் அம்மா வேலையைச் சற்று மாற்றிச் சொல்லிவிட்டார்: ஹோட்டலில் சூப்பர்வைசர். இது எனக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது.

கிள்ளானில் பெண் வீட்டு வாசலில் கார் நின்றபோது உச்சி வெயில். அண்ணன் இறங்கியதும் முதல் வேலையாகப் பின்கதவைத் திறந்து பெட்டியைத் தூக்கினார். பூட்டிய காருக்குள் அரை மணி நேரம் கிடந்தால் தட்டுகள் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, “விடுடா, மானம் போகுது” என்று முணுமுணுத்தார். அண்ணன் விடவில்லை. மாப்பிள்ளை ஒரு பெரிய பெட்டியை இரு கைகளாலும் ஏந்தி வருவதைப் பார்த்த பெண்ணின் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “எதுக்குங்க இவ்ளோ சீரு, பார்க்கத்தானே வந்தீங்க?” என்றார். அம்மா என் கையிலிருந்த தாம்பாளத்தை அவசரமாக வாங்கி அவரிடம் நீட்டினார்.

பெண் ஆசிரியை. பக்கத்து ஊரான மேருவில் பள்ளிக்கூட வேலை. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் போய்விட்டார். பெண்ணின் அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி; நிதானமானவர், கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கத் தெரிந்தவர். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. பேச்சு பண்டிகை, கோயில் என்று சுற்றிவந்த நேரத்தில், பெண்ணின் அம்மா அந்தச் ‘சீரை’ உள்ளே கொண்டுபோய் வைக்கலாம் என்று பெட்டியைத் தூக்கினார். கனம் தாங்காமல் அது சாய்ந்தது. பக்கப் பையிலிருந்து ஓர் அட்டை நழுவித் தரையில் விழுந்தது. சிவப்புப் பொட்டு அட்டை. பாதிப் பொட்டு உரிக்கப்பட்டிருந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குப் புரிந்தது.

“என்னுது ஆன்டி,” என்றேன், கேட்கும் முன்பே.

அவர் குனிந்து அட்டையை எடுத்தார். என் நெற்றியைப் பார்த்தார். “நீ சாந்துல்ல வச்சிருக்க? உன் பொட்டு அண்ணன் சாமான்ல என்னம்மா பண்ணுது?”

பெண்ணின் அப்பா காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். “தம்பி, நேராவே கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. வேற எங்கயாச்சும் பழக்கம் இருக்கா?”

“இல்ல அங்கிள்,” என்றார் அண்ணன். “அந்தப் பொட்டு எனக்குத்தான்.”

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் வந்து உடனே அடங்கியது. அண்ணன் பெட்டியைத் திறந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினார். பெண்ணின் அப்பா அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். “பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொட்டு மட்டும் இருக்கு.” பிறகு அண்ணன் விளக்கினார்: ஊசி, தாளம், இருட்டு, டிஸ்கோ. அத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. கைகளைக் காற்றில் வைத்து, ஒரு தட்டு சுற்றுவதையும் இன்னொன்று காத்திருப்பதையும் காட்டினார். சொல்லச் சொல்ல அவர் குற்றமற்றவர் என்பது தெளிவாகிக்கொண்டே வந்தது. கல்யாணம் கைநழுவிப் போவதும்.

“பொண்ணு விவகாரமா இருந்தாகூட பேசித் தீர்த்துக்கலாம். இது வேலையாச்சே,” என்ற பெண்ணின் அப்பா, அம்மாவின் பக்கம் திரும்பினார். “ஆனா அதுகூடப் பெரிசில்லக்கா. சூப்பர்வைசர்னு சொன்னீங்களே. பையன் செய்ற வேலையைச் சொல்ல உங்களுக்கே கூச்சமா இருந்தா, நாளைக்கு என் பொண்ணு எப்படி நாலு பேருகிட்டச் சொல்லுவா?”

அண்ணன் அம்மாவைப் பார்க்கவில்லை. தட்டை உறையில் போட்டு, பெட்டியை மூடினார்.

தாம்பாளத்தைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாழைப்பழம் கலையாமல் அப்படியே இருந்தது. வழியில் ஷா ஆலாம் தாண்டும்போது அண்ணன் சாலையைப் பார்த்தபடியே, “சூப்பர்வைசர் நல்ல வேலைதான்மா. காலியிருந்தா சொல்லு, எழுதிப் போடுறேன்,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

எங்களைச் செந்தூலில் இறக்கிவிட்டுத் திரும்ப நேரமில்லை. அந்த வெயிலில் நான்கு மணி நேரம் காரில் உட்கார்ந்திருக்கவும் முடியாது. ஆக, நான் பல நாள் கனவு கண்ட டீ டான்ஸுக்கு, பட்டுப்புடவை கட்டிய அம்மாவோடும் ஒரு தாம்பாளத்தோடும் போய்ச் சேர்ந்தேன். வாசலில் இருந்த பையன் எங்களைக் கண்டதும் பதறிப்போய், “ஆன்டி, வெட்டிங் மேல்மாடில லா! இங்க டீ டான்ஸ்!” என்றான்.

“இங்கதான் வந்தோம்,” என்றார் அம்மா.

உள்ளே பகல் இல்லை. குளிர்ச்சி எலும்பு வரை ஏறியது. சுவரோரம் ஒரு சோபாவில் அம்மா, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்தார். என் வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஆடினார்கள். எனக்கும் கால் பரபரத்தது. தாம்பாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும்? கண்ணாடிக் கூண்டுக்குள் அண்ணன் நின்றார். வீட்டில் ஓசையில்லாமல் அசைந்த அதே தோள்கள். இங்கே அவை அசைந்தால் முன்னால் ஒரு கூட்டமே அசைந்தது. பிள்ளைகள் வேர்த்துக் களைத்த நேரம் பார்த்து மெதுவான பாட்டைப் போட்டு ஆடுதளத்தைக் காலி செய்தார். தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம் பார்த்து மறுபடி நிரப்பினார். அம்மா இதையெல்லாம் கவனித்தாரா என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து என் காதருகே குனிந்து கத்தினார்:

“நாலு மணி நேரமும் நின்னுகிட்டேதானா?”

“ஆமாம்மா.”

“ஒரு நாற்காலி போடக் கூடாதா இவனுக்கு?”

பிறகு தாம்பாளத்திலிருந்து இரண்டு வாழைப்பழங்களைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். ஆடுகிறவர்களின் நடுவே நுழைந்து நான் அதைக் கூண்டுக்குக் கொண்டுபோனேன். வலது கை தட்டின்மேல் இருக்க, அண்ணன் இடது கையால் பழத்தை வாங்கி, பல்லால் தோலை உரித்துத் தின்றார். சோபாவின் பக்கம் பார்த்தார். அம்மா, ‘இன்னொன்றையும் தின்னு’ என்று சைகை காட்டினார்.

இன்று கிள்ளானில் எந்தத் திருமண விருந்துக்குப் போனாலும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு டிஜே இருக்கிறான். எந்த டிஜே என்று வீட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதால் நான் இந்தக் கதையைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அன்றைய பிற்பகலால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அடுத்த வரனும் டிஸ்கோ என்றதும் போனது. அதற்கடுத்தது அமைய இன்னும் ஒன்றரை ஆண்டு ஆயிற்று. இன்று எனக்கு அண்ணியாக இருப்பவரின் அப்பா, எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஜாதகத்தை இன்னும் கையில் வாங்காமல் கேட்டார்: “மாப்பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை லீவுதானேக்கா?”

“லீவு இல்லண்ணே,” என்றார் அம்மா. “டிஸ்கோவுல பாட்டுப் போடுறான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஸ்கூல் பிள்ளைங்கள்லாம் வந்து ஆடும். நானே போய்ப் பார்த்திருக்கேன்.”