விதாஸின் முழங்காலும் ஒரு பை உருளைக்கிழங்கும்

1. மெத்தைத் துண்டு

விதாஸ் எங்கள் விளையாட்டு ஹாலில் வேலைக்கு வந்த முதல் நாள் சாமான் அறையின் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். இரண்டாம் நாளும் இடித்தார். மூன்றாம் நாள் எங்கள் மேலாளர் கிர்ஸ்டன் பழைய ஜிம் மெத்தையில் ஒரு துண்டை வெட்டி நிலையில் ஒட்டிவிட்டார். நான் ஓய்வு பெறும்வரை அந்தத் துண்டு அங்கேயே இருந்தது. இப்போது கொம்யூன், அதாவது நகரசபை, வேலைக்குப் போகிற எங்கள் பிள்ளைகள் ஹால் வேலை எப்படி என்று கேட்டால் நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

ஹால் டென்மார்க்கில் ஓகூஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் இருந்தது. நான் அகதியாக வந்து, மொழிப் பள்ளிக்கூடம் முடித்து, அங்கே துப்புரவு, வலை கட்டுதல், கோல் கம்பம் நகர்த்துதல் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். விதாஸ் லிதுவேனியாக்காரர், தொழிலே கூடைப்பந்து. கவுனாஸ் நகரத்தில் பதினேழு வயதிலேயே பெரிய கழகம் ஒன்றில் சேர்ந்து, சோவியத் நாடு முழுவதும் ஊர் ஊராக விளையாடியவர். வெளிநாடு போக வழி திறந்தபோது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. அவரைக் கூப்பிட்டது எங்கள் ஊர்க் கழகம் மட்டும்தான். அந்த அணியில் மற்றவர்கள் பள்ளி ஆசிரியர், தச்சர், பல் வைத்தியர். விதாஸ் ஒருவர்தான் சம்பளத்துக்கு விளையாடினார். அந்தச் சம்பளம் காணாது என்று பாதி நாள் ஹால் வேலையும் கொடுத்திருந்தார்கள்.

ஒப்பந்தம் ஒரு விளையாட்டுப் பருவத்துக்கு மட்டும். அடுத்த பருவமும் வைத்துக்கொண்டால்தான் மனைவி இரேனாவையும் மகள் ஈவாவையும் கூப்பிடலாம். இதை அவர் முதல் நாளே, நெற்றியில் வீக்கத்தோடு, எனக்குச் சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் தெரிந்தது அரைகுறை டேனிஷ். அதனால்தானோ என்னவோ, தேவையில்லாத கதை எங்களுக்குள் இருக்கவில்லை.

2. வெறுங்கால்

டென்மார்க்கில் ஹாண்ட்போலுக்குத்தான் மரியாதை. நான் ஊரில் வொலிபோல்காரன் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. ஹாண்ட்போல்காரர் பந்து கையில் நிற்பதற்காக விரலில் ஹார்பிக்ஸ் என்ற பிசினைப் பூசுவார்கள். பலாப்பழம் வெட்டிய கையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிசின் தரையில், கதவுப் பிடியில், கழிப்பறைக் குழாயில் எல்லாம் ஒட்டும். அதே தரையில் கூடைப்பந்து ஆடினால் சப்பாத்து ஒட்டிப் பிடிக்கும். உடம்பு திரும்பும், கால் திரும்பாது. முழங்கால் போய்விடும்.

மெஷின் ஓட்டினாலும் அது முழுதாகப் போகாது, கண்ணுக்கும் தெரியாது. அதனால் மெஷின் ஓட்டி முடித்ததும் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவர்வரை வரிசையாக நடப்பேன். கால் எங்கே ஒட்டுகிறதோ அங்கே பிசின் கரைக்கிற மருந்து தெளித்துத் துடைப்பேன். டேனிஷ்காரர் கோப்பிக் கோப்பையோடு நின்று பார்த்துச் சிரிப்பார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

விதாஸ் முதல்தரம் பார்த்தபோது கேட்டார்:

"என்ன தேடுறாய், சிவா?"

"பிசின். காலுக்குத்தான் தெரியும்."

அவர் தன் வள்ளம் போன்ற சப்பாத்துகளைக் கழற்றி வைத்துவிட்டு எனக்குப் பக்கத்து வரிசையில் நடக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து இரண்டு பேர் நடந்தோம். எனக்குப் பாதி வேலை குறைந்தது, கதைக்கவும் ஆள்.

இப்படி நடக்கும்போதுதான் நான் கவனித்தேன். அவர் இடது காலை முழுதாக ஊன்றவில்லை. சப்பாத்தோடு அதை மறைத்துவிடுவார். வெறுங்காலில் முடியவில்லை.

"முழங்கால் நோகுதோ?"

"இல்லை."

"விதாஸ்."

அவர் சுற்றிப் பார்த்தார். "ஓம். ஊரிலை ஆஸ்பத்திரியிலை ரெண்டு தரம் வெட்டினது. ஆருக்கும் சொல்லிப்போடாதை. தெரிஞ்சால் அடுத்த வருசம் என்னை எடுக்கமாட்டினம். எங்கட நாட்டிலை, ஏலாது எண்டு வாயைத் துறந்தவன் அடுத்த நாள் அணியிலை இல்லை."

எனக்கு இதை விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருக்கிறவனிடம் உண்மையை முழுதாகச் சொன்னால் அது நம் தலையில்தான் வந்து விடியும் என்று படித்தே நானும் வளர்ந்தவன். "சொல்லமாட்டன்" என்றேன். சத்தியம் செய்து கொடுத்த மாதிரி இரண்டு பேரும் கையும் கொடுத்துக்கொண்டோம்.

3. குளிர்ப்பெட்டி

நோவுக்கு ஐஸ் வைக்க வேண்டும். ஹாலில் ஐஸ் கட்டி இல்லை. இருந்தது கிர்ஸ்டனின் சிற்றுண்டிக் கடைக் குளிர்ப்பெட்டியில் பெரிய பெரிய பைகளில் பொம்ஃபிரிட்ஸ், அதாவது பொரிப்பதற்காக வெட்டி உறைய வைத்த உருளைக்கிழங்கு. பயிற்சி முடிந்ததும் நான் ஒரு பையை எடுத்துவருவேன். விதாஸ் சாமான் அறையில், உயரம் பாயும் மெத்தையில் காலை நீட்டிக்கொண்டு, பையை முழங்காலில் வைத்திருப்பார். எந்த முழங்கால் உறையும் இவ்வளவு நன்றாகப் பொருந்தாது. பிறகு நான் பையைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவேன்.

இளகிய கிழங்கு திரும்ப உறைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும், பொரித்தால் களியாகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. போட்டி நாட்களில் சனங்கள் முறையிடத் தொடங்கினார்கள். கிர்ஸ்டன் எண்ணெயை மாற்றினார். பிறகு கிழங்குக் கம்பனியோடு சண்டை பிடித்தார். கடைசியில் குளிர்ப்பெட்டி பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் அதைக் கழற்றிப் பூட்டிவிட்டு, இதைவிட நல்ல குளிர்ப்பெட்டி இந்த ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் விதாஸும் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தோம்.

அந்த நாட்களில்தான் டென்மார்க்கில் 'தமிழ் வழக்கு' என்று சொன்ன விசாரணை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை அமைச்சில் பார்க்காமலே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்ற விஷயம் வெளியே வந்து, தொலைக்காட்சியில் அதே கதைதான். என் மனைவி பவானியின் விண்ணப்பமும் அதில் கிடந்தது. ஒருவழியாக அதை எடுத்துப் பார்க்கத் தொடங்கியபோது ஊரில் சண்டை மறுபடி தொடங்கி, கொழும்புக்கு வரும் பாதை பூட்டிவிட்டது. கேட்ட கடதாசிகளை அவளால் அனுப்ப முடியவில்லை.

கோப்பி நேரத்தில் கிர்ஸ்டன் கேட்பார்: "உன்ரை மனுசியின்ரை அலுவல் எப்பிடிப் போகுது?"

"பரவாயில்லை, நடக்குது" என்பேன். ஒன்றுமே நடக்கவில்லை. அது விதாஸுக்கு மட்டும்தான் தெரியும்.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் காலை. விதாஸ் மெத்தையில் கிடக்கிறார், முழங்காலில் பை. நான் பக்கத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன். கதவு திறந்தது.

கிர்ஸ்டன் முழங்காலைப் பார்த்தார். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் மெக்கானிக்கைக் கூப்பிட்டனான்" என்றார்.

விதாஸ் எழும்பப் பார்த்து, முடியாமல் திரும்ப இருந்துவிட்டார். "கிர்ஸ்டன், தயவுசெய்து சொல்லிப்போடாதை. நாளைக்கு மட்டும். அவை என்னை அனுப்பினால் இரேனா வரமாட்டா, ஈவா வரமாட்டா."

டேனிஷில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் ஒரே சொல்தான். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். மரியாதை குறைவு என்று எடுக்கவேண்டாம்.

கிர்ஸ்டன் மெத்தையின் ஓரத்தில் இருந்தார். "எவ்வளவு காலமா நோகுது?"

"வந்த நாளிலையிருந்து."

"சிவா, உனக்குத் தெரியும். நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

நான் வலையைச் சுருட்டினேன். விதாஸ் பேசினார். "அவன் தன்ரையையே சொல்லுறேல்லை. மனுசியின்ரை அலுவல் நடக்குது எண்டு உன்னட்டைச் சொல்லுறான். ஒண்டும் நடக்கேல்லை. ராவிலை அழுகிறான்."

எனக்கு வந்த கோபத்தில் அவரை வலையோடு சேர்த்துச் சுருட்டியிருப்பேன். கிர்ஸ்டன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீவியிலை ஒவ்வொரு நாளும் காட்டுறாங்கள், கடதாசியை மேசை லாச்சிக்குள்ளை போட்டுப் பூட்டினால் என்ன நடக்கும் எண்டு. நீங்கள் ரெண்டு பேரும் என்ரை ஹாலிலை இருந்து அதையேதான் செய்யிறியள்."

பிறகு எழும்பி, கழகத் தலைவர் பென்டுக்கு ரெலிபோன் எடுக்கப் போனார். போகும்போது பையையும் எடுத்துப்போய், ஒரு புதுப் பை கொண்டுவந்து விதாஸின் முழங்காலில் வைத்தார். அதில் பேனையால் 'விதாஸ்' என்று எழுதியிருந்தது.

4. தெரியும்

பென்ட் தச்சர். மரத்தூள் ஒட்டிய உடுப்போடு வந்தார். விதாஸ் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். பென்ட் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ நொண்டுறது. பருவம் தொடங்கின நேரமே எல்லாருக்கும் தெரியும். நீ அதைப்பற்றிக் கதைக்க விரும்பேல்லை எண்டு நினைச்சம். அதாலை நாங்கள் கேக்கேல்லை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நாங்கள் பயத்தில் மறைத்தோம். அவர்கள் மரியாதைக்குக் கேட்காமல் விட்டார்கள். நடுவில் ஒரு மனிதனின் முழங்கால் ஒரு பருவம் முழுவதும் தேய்ந்தது. முதல் மாதமே சொல்லியிருந்தால் வைத்தியர் பார்த்திருப்பார்.

"அப்ப அடுத்த வருசம்?" என்று விதாஸ் கேட்டார்.

பென்ட் பொய் சொல்லத் தெரியாத ஆள். "நாளைக்குத் தோத்தால் கீழ்ப் பிரிவுக்குப் போறம். அங்கை சம்பளத்துக்கு ஒரு ஆட்டக்காரனை வச்சிருக்க எங்களாலை ஏலாது. அது உன்ரை முழங்காலாலை இல்லை, விதாஸ்."

5. கடைசி ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை ஹாண்ட்போல் பிள்ளைகளின் போட்டி பிந்தி முடிந்தது. தரை முழுக்கப் பிசின். நேரம் இல்லை. நான் மெஷினை ஓட்டிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினேன். காலை ஆற விட்டு இருக்கச் சொல்லியும் விதாஸ் கேட்காமல் பக்கத்து வரிசைக்கு வந்துவிட்டார். பல் வைத்தியர் அதைப் பார்த்தார். அவரும் சப்பாத்தைக் கழற்றினார். பிறகு ஆசிரியர், பிறகு பென்ட். முழு அணியும் வெறுங்காலோடு சுவரிலிருந்து சுவர்வரை நடந்தது. "இஞ்சை! இஞ்சை!" என்று ஒவ்வொருவராகக் கத்த, நான் மருந்துப் போத்தலோடு ஓடினேன். என் வேலைக்காலத்தில் அவ்வளவு சுத்தமான தரையில் எந்த அணியும் ஆடியதில்லை.

விதாஸைக் கடைசிப் பகுதியில்தான் இறக்கினார்கள். பாய முடியவில்லை. கூடைக்குக் கீழே நின்று, வந்த பந்தையெல்லாம் ஆள் இல்லாத இடத்தில் நிற்கிறவனுக்குக் கொடுத்தார். பார்க்காமலே கொடுத்தார். புள்ளி வித்தியாசம் குறைந்து வந்தது. கடைசிப் பந்தையும் அப்படித்தான் பல் வைத்தியருக்குக் கொடுத்தார். அது வளையத்தில் பட்டு, சுற்றி, வெளியே விழுந்தது.

தோற்றுவிட்டோம். பல் வைத்தியர் தரையில் படுத்து அழுதார். விதாஸ் அவரை எழுப்பிவிட்டு, நேராகச் சாமான் அறைக்குப் போய்த் துடைப்பத்தை எடுத்துவந்தார். ஆட்டம் முடிந்தால் அடுத்தது அதுதானே எங்கள் வேலை.

கிர்ஸ்டன் எல்லாருக்கும் கேட்கும்படி பென்டிடம் சொன்னார்: "எனக்கு ஹாலிலை முழுநாள் ஆள் வேணும். உனக்குப் பிள்ளையளைப் பழக்க ஆள் வேணும். இந்த ஆளைவிட ஆர் இருக்கினம்?"

பென்ட் யோசித்துத் தலையாட்டினார்.

"விளையாடுறது?" என்று கேட்டார் விதாஸ்.

"இல்லை. அது முடிஞ்சுது."

அவர் துடைப்பத்தின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினேழு வயதிலிருந்து அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். பிறகு, "அப்பிடியெண்டால் இரேனாவும் ஈவாவும் வரலாமோ?" என்றார்.

"ஓம், வரலாம்."

விதாஸ் அந்தச் சுத்தமான தரையில் அப்படியே இருந்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் எதற்கு அழுதார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. இரண்டுக்கும்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த மனிதனில் அன்றைக்கு வந்த பாசம் என் கூடப்பிறந்தவர்களில்கூட வந்ததில்லை.

6. விமான நிலையம்

இரேனாவும் ஈவாவும் கோடையில் வந்தார்கள். விதாஸின் முழங்காலை ஆஸ்பத்திரியில் சரிசெய்தார்கள். அவர் பழக்கிய பிள்ளைகள் பிறகு நல்ல நல்ல அணிகளில் ஆடினார்கள்.

என் அலுவலைக் கிர்ஸ்டன் கையில் எடுத்தார். ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, ஹால் ரெலிபோனிலேயே கந்தோர் கந்தோராக என்னைக் கதைக்க வைத்தார். நான் "பரவாயில்லை" என்று தொடங்கினால் கதிரையின் காலில் உதைப்பார். பாதை பூட்டியிருந்ததால் பவானி கடல்நீர்க் களப்பை வள்ளத்தில் கடந்து, கொழும்பு வந்து, ஒரு குளிர்காலக் காலையில் கோப்பன்ஹேகனில் இறங்கினாள்.

விதாஸ் என்னோடு வந்தார். அப்போது கடலுக்கு மேலால் பாலம் இல்லை, ரயிலையே கப்பலில் ஏற்றுவார்கள். விமான நிலையத்தில் சனத்துக்குள் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. விதாஸ் எல்லாத் தலைகளுக்கும் மேலால் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மஞ்சள் சீலை. உன்ரை படத்திலை இருக்கிற முகம்தான். சிவா, அவ ஒரு பக்கம் சரிஞ்சு நடக்கிறா. கால் நோகுது."

பவானி வந்தாள். அழுது முடித்து, விதாஸை அண்ணாந்து பார்த்து, "ஆரப்பா இவர்?" என்றாள். சொன்னேன். பிறகு கேட்டேன்:

"உமக்குக் கால் நோகுதோ?"

"ஒண்டுமில்லை" என்றாள் உடனே. காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். வள்ளத்தில் ஏறும்போது விழுந்திருக்கிறாள். தெரிந்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், இங்கே இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வீங்கிய காலோடு அவ்வளவு தூரமும் ஒருவருக்கும் காட்டாமல் வந்திருக்கிறாள்.

விதாஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த 'ஒண்டுமில்லை' அவருக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்பது பேர் வேலை செய்கிற இடத்துக்கோ நாலு பேர் வேலை செய்கிற இடத்துக்கோ, எங்கே போனாலும் பிள்ளைகளே, நான் அன்றைக்குப் பவானிக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். அவளுடைய பையை வாங்கி விதாஸிடம் கொடுத்துவிட்டு, அவளை அங்கிருந்த நீள வாங்கில் இருத்தி, அவளின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்:

"பவானி, இஞ்சை சொல்லலாம்."