செருப்புக் காலோடு மூன்றாம் படியில்

"கொலுவில் அந்த ஆண்டு புதிதாகச் சேர்த்த பொம்மை ஒன்றாவது இருக்க வேண்டும். அது எந்தப் பொருளால் ஆனது, எந்த ஊரில் செய்யப்பட்டது, யாரைக் குறிப்பது என்பவை கருதப்பட மாட்டா." எங்கள் குடியிருப்பில் நவராத்திரிதோறும் நடக்கும் கொலுப் போட்டியின் மூன்றாம் விதி இது. மயிலாப்பூர்க் குளத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் இதை எழுத்துப் பிசகாமல் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். காரணம், எழுதியவன் நான். ஒரு வருடம் முதல் மாடியில் யாரோ பிளாஸ்டிக் டைனோசரை அஷ்டலட்சுமிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள் என்று பெரிய சண்டை. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்னிடம் வந்து, இனிமேல் தகராறு வராதபடி ஒரு விதி எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். டைனோசர் இருந்த இடத்திலேயே இருந்தது.

உத்தியோகத்தில் எனக்கு அதுதான் வேலை. அரசாங்கம் வாங்கும் பொருள்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதும் பிரிவில் இருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பினாயில் வரை, சொன்னபடி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுத வேண்டும். நன்றாக இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. சொன்னபடி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் இதனால் எனக்கு நல்ல பெயர் இருந்ததாகச் சொல்ல முடியாது.

என் மனைவி கடைசி மாதங்களில் கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. கேபிள் டிவி அப்போது எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டிருந்தது. மாலையில் காப்பி நேரத்துக்கு ஒரு கார்ட்டூன் தொடர் வரும். ஜப்பான் பாணியில் உடுத்திய வாள்வீரன் ஒருவன் ஊர் ஊராகப் போவான், அக்கிரமக்காரர்களை வெட்டிப்போடுவான், நன்றிக்குக் காத்திராமல் கிளம்பிவிடுவான். பேச்செல்லாம் ஆங்கிலம். அவள் சத்தத்தைக் குறைத்துவிட்டு வசனத்தைத் தானே சொல்லிக்கொள்வாள். அந்த வசனங்களில் வீரன் பெரும்பாலும் கறிகாய் விலையைப் பற்றி நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வீரன் யாரோ ஒரு விவசாயியின் வீட்டு வாசலில் நின்று, வைக்கோல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனான்.

"பார்த்தேளா? இத்தனை டிவியில இவன் ஒருத்தன்தான் செருப்பைக் கழட்டிட்டு ஆத்துக்குள்ள வரான். குடுமி வேற. உங்க தம்பிக்கு இவன் தேவலை."

பிறகு சொன்னாள்: "அடுத்த கொலுவுக்குப் புதுசா இவனை வெச்சுடுங்கோ. மூணாம் படியில, செட்டியார் பொம்மைக்குப் பக்கத்துல. கடையைப் பார்த்துப்பான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னாள். வாய்மொழி உத்தரவும் உத்தரவுதான். அடுத்த கொலுவை அவள் பார்க்கவில்லை. அந்த வருடம் துக்கம், கொலு கிடையாது. அதற்கடுத்த நவராத்திரி நெருங்கியபோது உறவுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஆண்பிள்ளை தனியாக எப்படிக் கொலு வைப்பது, பொம்மைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமே என்றார்கள். யாருக்காவது என்று சொன்னவர்கள் எல்லோரும் தங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு டெலிபோன் செய்து அந்த வீரன் பொம்மையை அனுப்பச் சொன்னேன். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று பயந்துவிட்டாள். அம்மா சொன்னது என்றேன். பிறகு, எந்த அளவு வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

பொம்மை வந்தது. வழக்கம்போல் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு பரிசோதித்தேன். உயரம் ஒரு சாண். அட்டைப்பெட்டி பொம்மையைவிடப் பெரியது. உள்ளே அவனைக் கம்பிகளால் கட்டிப்போட்டிருந்தார்கள், கைதியைப் போல. வர்ணம் ஒழுங்கு, புருவத்தில் மட்டும் கொஞ்சம் வழிந்து, எப்போதும் எதையோ சந்தேகப்படுகிற முகமாகிவிட்டது. அது அவனுக்குப் பொருந்தவே செய்தது. வாள் உறைக்குள் போனது, திரும்ப வெளியே வந்தது. சீருடைப் பணியாளர்களுக்கு நாங்கள் வாங்கிய வாள்களில் பாதி அப்படி வந்ததில்லை. கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் மடங்கின. இடது முழங்கால் கொஞ்சம் தளர்வு, ஆனால் நிற்பான். குடுமி அற்புதம்.

குறை ஒன்றுதான். செருப்பு காலோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்தது. கழற்ற முடியாது. அவள் எதற்காக அவனை வீட்டுக்குள் அனுமதித்தாளோ, அந்த ஒரு காரியத்தை மட்டும் இந்தப் பொம்மையால் செய்ய முடியாது. உத்தியோகத்தில் இருந்திருந்தால் "சொன்னபடி இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். திருப்பி அனுப்பினால் கேட்டவளுக்குப் பதில் சொல்ல வழியில்லை. குறையைக் குறித்து, அந்தப் பொம்மைக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன்: உங்கள் வீரன் வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுபவன், இது உங்கள் பொம்மைக்குத் தெரியவில்லை, வெறுங்கால் தனியாகக் கிடைக்குமா? தபாலில் சேர்த்துவிட்டு, அவனை மூன்றாம் படியில் வைத்தேன்.

படிகளைக் கட்ட உதவிய வாட்ச்மேன் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். கொஞ்ச நேரம் பொம்மையைப் பார்த்தார்.

"இன்னா சார், கத்தியெல்லாம் சொருவிக்கினு நிக்கிறான்? சாமியா?"

"சாமி இல்லை. காவல்."

"அப்ப நம்ம ஆளு," என்று சொல்லிவிட்டு, ஆடிய படிக்கு இன்னோர் ஆணி அடித்தார்.

நான் மடிவேட்டி கட்டி, கலசத்தில் நீர் நிரப்பி, மரப்பாச்சிகளுக்குப் புதுத்துணி சுற்றினேன். சுற்றியது அவள் சுற்றியதைப் போல இல்லை. மூன்றாம் நாள் நடுவர்கள் வந்தார்கள். செயலாளரின் மனைவிதான் தலைமை. கூட இரண்டு பேர். வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி எல்லாம் தட்டில் தயாராக வைத்திருந்தேன். மாமி மேலிருந்து ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டே வந்து மூன்றாம் படியில் நின்றுவிட்டார்.

"பிளாஸ்டிக்னு நான் ஒண்ணும் சொல்லலை மாமா. விதி தெரியும். ஆனா கால்ல செருப்பு போட்டுண்டிருக்கானே."

கழற்ற வராது, வார்ப்பே அப்படி என்றேன். மேலே கலசம் இருக்கிறது, அதே படிக்கட்டில் செருப்புக் காலோடு ஒருத்தன் எப்படி நிற்கலாம் என்றார். கீழே தரையில் பார்க் அமைத்திருக்கிறீர்களே, அங்கே வைத்துவிடுங்கள், அங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று வழியும் சொன்னார்.

"அவ சொன்னது மூணாம் படி."

"அவ இருந்திருந்தா இந்தச் செருப்பை ஒத்துண்டிருப்பாளா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அது எனக்குச் சாதகமான பதில் இல்லை. அதனால் மற்ற பொம்மைகளைக் காட்டினேன். அதே படியில் போலீஸ் பேண்டு செட், அத்தனை பேரும் பூட்ஸ். நாலாம் படியில் கைத்தடி ஊன்றிய தேசத்தலைவர், செருப்போடு. எல்லாவற்றுக்கும் மேலே, பரதன் தலையில் தாங்கியிருப்பது என்ன? மாமி பரதனை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். மூவரும் கிளம்பிப் போய்விட்டார்கள். தட்டு நீட்டியபடியே இருந்தது. யாரும் வெற்றிலை எடுத்துக்கொள்ளவில்லை.

பரிசு எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் கீழே நோட்டீஸ் பலகையில், அந்த ஆண்டு கொலு வைத்த வீடுகள் என்று ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். அதில் எங்கள் வீட்டு எண் இல்லை. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து, துக்க வருடம் தவிர, அவள் கொலு விட்டுப்போனதே கிடையாது. பட்டியல்படி பார்த்தால் அவளோடு அதுவும் முடிந்துவிட்டது. அதை நான் ஏற்றுக்கொள்வதாக இல்லை.

அன்றே செயலாளருக்கு எழுதினேன். ஒரே கேள்வி: என் வீட்டுக் கொலு எந்த விதியின் கீழ் விலக்கப்பட்டது? பதில் வராத நாள்களில் மற்ற வீடுகளின் கொலுக்களையும் போய்ப் பார்த்தேன். சுண்டலுக்காக வருகிறேன் என்று நினைத்தார்கள். அதுவும் உண்மைதான். செயலாளர் வீட்டில் இரண்டாம் படி முழுவதும் கிரிக்கெட் மைதானம். பதினொரு பேர், ஸ்பைக்ஸ் வைத்த பூட்ஸ். அம்பயரும் பூட்ஸ். மொச்சைச் சுண்டல் நன்றாக இருந்தது.

செயலாளர் ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி, சாது. படிக்கட்டில் என்னைப் பார்த்தால் செய்தித்தாளை உயர்த்திக்கொள்வார். ஒரு நாள் செய்தித்தாள் இல்லாமல் அகப்பட்டுக்கொண்டார்.

"விட்டுடுங்களேன் ஸார். எனக்கு ஆத்துல அவதான் சாதம் போடணும்."

"அந்தக் காரணத்தையே எழுத்துல கொடுங்கோ. ஏத்துக்கறேன்."

கொடுக்கவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். நவராத்திரி முடிந்தது.

விஜயதசமி அன்று விளக்கேற்றிய பிறகு, கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். கொலு தூங்கப் போய்விட்டது என்று அர்த்தம். மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து வைக்கலாம். அவள் எப்போதும் மரப்பாச்சியைத்தான் படுக்க வைப்பாள். மரமோ மண்ணோ, படுக்க வைத்தால் விழுந்து கிடப்பதுபோலத்தான் இருக்கும். நான் வீரனை எடுத்தேன். வாளைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தேன். முழங்கால்களை மடக்கி, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். எங்கள் வீட்டுக் கொலுவில் முதல் தடவையாக ஒருவன் உண்மையாகவே தூங்கினான். ஆனால் செருப்போடு தூங்கினான். அது எனக்கே பொறுக்கவில்லை. தாம்பூலத் தட்டில் மீந்திருந்த ரவிக்கைத் துணியை எடுத்து இடுப்பு வரை போர்த்திவிட்டேன்.

அப்போதுதான் செயலாளரின் மனைவி வந்தார். என் மனைவியின் பெரிய ஆரத்தித் தட்டைக் கட்டடமே இரவல் வாங்கும். அதைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தவர் மூன்றாம் படியைப் பார்த்தார்.

"முட்டியை மடக்கிண்டுன்னா படுத்திருக்கான்."

"மடங்கும்."

"காலை மூடிட்டேளா?"

"மூடித்தான் இருக்கேன். கழட்டலை. படியை விட்டு இறக்கவும் இல்லை."

மாமி ஆரத்தித் தட்டை என்னிடம் கொடுத்தார். பிறகு, வெற்றிலை இருக்கா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நவராத்திரி முழுவதும் வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தது. பாக்கும் மஞ்சளும் வைத்தேன். மாமி தட்டைப் பார்த்தார்.

"ரவிக்கைத் துணி?"

"உபயோகத்துல இருக்கு."

அவர் சிரித்தாரா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதற்குள் வாசலுக்குத் திரும்பிவிட்டார். வெற்றிலையை முந்தானையில் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஆனால் வெற்றிலை வாங்கிக்கொண்டது என் கடிதத்துக்குப் பதில் ஆகாது. மறுநாள் இரண்டாவது நினைவூட்டலை அனுப்பினேன்.

கார்த்திகை தீபத்துக்கு முன்பே அமெரிக்காவிலிருந்து கம்பெனியின் பதில் வந்துவிட்டது. பாதமும் செருப்பும் ஒரே வார்ப்பு, தனியாகக் கிடைக்காது, தாங்கள் சுட்டிய குறை சரிதான், வருந்துகிறோம். கேட்ட கேள்விக்கு ஒரு பக்கத்தில் பதில், கீழே கையெழுத்து. கடல் கடந்து போய் வர ஆன காலம் அவ்வளவுதான். எனக்கு ஒரு மாடி கீழே இருந்த செயலாளருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. பொங்கல் வந்தது, நினைவூட்டினேன். அறுபத்துமூவர் வந்தது, நினைவூட்டினேன். சங்கத்தின் பொதுக்குழுவில் "வேறு விஷயங்கள்" என்ற இடத்தில் எழுந்து நின்றேன். உடனே தண்ணீர் லாரிப் பிரச்சினையை எடுத்துக்கொண்டார்கள். வெயில் காலம் முடிந்து மாடவீதியில் மறுபடி பொம்மைக் கடைகள் போட ஆரம்பித்தார்கள். புதிய நினைவூட்டல் எழுதி உறையில் போட்டு வைத்திருந்தேன்.

அதைக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தர்ப்பணம் முடித்து எழுந்தபோது கதவுக்கு அடியில் ஒரு காகிதம் கிடந்தது. தங்கள் கொலு எந்த விதியின் கீழும் விலக்கப்படவில்லை, பட்டியலில் விடுபட்டது தவறு, எண் இப்போது சேர்க்கப்பட்டிருக்கிறது. கையெழுத்து செயலாளருடையது. வாசகம் மாமியுடையது என்று நினைக்கிறேன், சுற்றிவளைக்காமல் இருந்தது. கீழே போய்ப் பார்த்தேன். பழுப்பேறிய சென்ற ஆண்டுப் பட்டியலைத் திரும்ப ஒட்டி, கடைசியில் எங்கள் வீட்டு எண்ணைப் புது மையில் எழுதியிருந்தார்கள்.

மேலே வந்து ஏணியைப் போட்டுப் பரணிலிருந்து முதலில் அவனை எடுத்தேன். ரவிக்கைத் துணி சுற்றியபடியே இருந்தான். கலசம் வைக்க அதுதான் நாள். பதில் வந்த அன்று மகாளய அமாவாசை.