நாலு நொடி ஓடிய கம்ப்யூட்டர்

மின்சாரத் துறையில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் மின்விசிறி நின்றாலும் அந்தத் தெருவின் ஏச்சு முதலில் என் காதுக்குத்தான் வரும். ஊருக்கே கரண்ட் விட்டவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. அப்படிப்பட்டவன் சொந்தக் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய ஒரு தகரப் பெட்டிக்குள் கரண்ட் போக மாட்டேன் என்று அடம்பிடித்த கதை இது.

பெட்டி என் மனைவிக்காக. அவள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் ஓய்வு கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சும்மா இருக்க முடியாமல் அமெரிக்காவிலிருக்கும் மூன்று தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் எடுக்க ஒத்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. அதைப் பார்த்துப் பிடித்தால்தான் மேற்கொண்டு அனுப்புவோம் என்று பெற்றோர்கள் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இன்னொரு கண் வரிசையில் நிற்கிறது. செல்போன் திரையில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத் தெரிகிறது என்பாள். பெரிய திரையும் அதற்கு ஒரு கம்ப்யூட்டரும் சனிக்கிழமைக்குள் வேண்டும்.

பெங்களூரிலிருக்கும் அவள் தம்பி, ரெடியாக ஒன்றை வாங்கி அனுப்பிவிடுகிறேன் என்றான். நான் விடவில்லை. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டப் போகிறேன் என்று அறிவித்தேன். அதற்கு இரண்டு வாரம் வீடியோ பார்த்திருந்தேன். வண்ணார்பேட்டையில் பாகங்கள் விற்கிற கடைக்காரர், ஒரு மணி நேரம் இருந்தால் தானே பூட்டித் தந்துவிடுவதாகச் சொன்னார். அது எனக்கு அவமானமாகப் பட்டது. டிரான்ஸ்பார்மரைப் பிரித்து மாட்டினவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேலை தொடங்கியது. கம்பளத்தின் மேல் வைத்துப் பூட்டினால் மின்னூட்டம் ஏறிப் பாகங்கள் கெட்டுவிடும் என்று வீடியோவில் ஒருவன் பயமுறுத்தியிருந்தான். நம் வீட்டில் கம்பளத்துக்கு எங்கே போவது? கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாயை எடுத்து விரித்தேன். முப்பத்தைந்து வருடத்தில் சம்பந்தகாரர்கள் வந்தபோதுகூட வெளியே வராத பாய் அது. அவள் ஒரு பார்வை பார்த்ததோடு விட்டுவிட்டாள்.

பாயின் விஷயத்தில் விட்டுக்கொடுத்தவள் அடுத்ததில் விடவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். ஒரு பொட்டு வைத்துவிட்டு ஆரம்பியுங்கள் என்றாள். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும், மிக்சி முதல் ஸ்கூட்டர் வரை, அதற்கு அவள் பொட்டு வைப்பதும் நான் கேலி செய்வதும் வழக்கம். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போனால் அவள் கோயிலுக்குள் போவாள், நான் வெளியே பஜ்ஜி தின்றுகொண்டு நிற்பேன். அன்றைக்கு எனக்கு வாய் கொஞ்சம் நீளமாகவே இருந்தது. இது மின்னணுச் சாதனம், சந்தனத்தில் ஓடாது, அறிவில் ஓடுவது என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவள் கிண்ணத்தைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பூட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசரை அதன் குழியில் உட்கார வைத்தபோது எனக்கு வேர்த்த வேர்வை, மழையில் கம்பம் ஏறியபோதுகூட வேர்த்ததில்லை. அதன் மேல் ஒரு வெள்ளைப் பசை தடவ வேண்டும். பட்டாணி அளவு, அதற்கு மேல் கூடாது. தடவினேன். விசிறி, ராம் என்கிற நினைவக அட்டை, ஒயர்கள், எல்லாம் அதனதன் இடத்துக்குப் போனது. பொத்தானை அமுக்கினேன்.

ஓடியது. விசிறி சுற்றியது, உள்ளே நீல விளக்கு எரிந்தது. நான் அவளைக் கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. மறுபடி அமுக்கினேன். ஒன்றும் இல்லை. ஓடியது, நீதான் பார்க்கவில்லை என்றேன். அவள் "ம்" என்றாள். அந்த ஒரு எழுத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தது.

அடுத்த இரண்டு நாள் நான் செய்த வைத்தியத்தை எழுதினால் தனிப் புத்தகமே போடலாம். டெஸ்டரை வைத்து பிளக்கைப் பார்த்தேன். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். என் வீட்டு எர்த் சரியில்லை என்றால் இந்த மாவட்டத்திலேயே எர்த் இல்லை என்று அர்த்தம். அவளுடைய கொண்டை ஊசியை வளைத்து, மின்சாரம் தருகிற டப்பாவின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்தேன். அதன் விசிறி சுற்றியது, ஆக டப்பா நல்ல டப்பா. ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். இது தமிழ்நாட்டின் பாட்டி வைத்தியம், எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் முதலில் இதைத்தான் செய்வார்கள். பலிக்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் சில சமயம் பெட்டி ஒரு மூச்சு விடும், பிறகு அடங்கிவிடும். எத்தனை நொடி ஓடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். நாலு, நாலு, நாலு, நாலு. எழுதினேனே தவிர யோசிக்கவில்லை. படித்த முட்டாள் என்று என் அப்பா சொன்னது சும்மா இல்லை.

மைத்துனன் வீடியோவில் வந்து யோசனை சொன்னான். போர்டு போயிருக்கும் அத்தான் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், ஆனால் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. எனக்கு அவன் திரையை உடைக்க வேண்டும்போல் இருந்தது, ஆனால் அது என் செல்போன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் செல்போனைப் பருப்பு டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, வகுப்பை அதிலேயே எடுத்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். அடுத்த வீட்டுக்காரி அங்கேயிருந்து ஒரு பின்னக் கணக்கை அனுப்பினாள். இவள் மூன்றின் கீழ் எட்டை மூன்றின் கீழ் ஆறு என்று படித்துவிட்டு, அதற்கு அழகாக விடையும் போட்டாள். தப்பு என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணு தெரியாத டீச்சர்ட்ட எந்தப் பிள்ள படிக்கும்," என்றாள்.

அவள் அழவில்லை. ரெடியாக வாங்கியிருந்தால் அந்நேரம் அவள் பெரிய திரையில் எட்டை எட்டாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் வீறாப்புக்கு அவள் ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியைப் போர்வையில் சுற்றி, அவள் மடியில் வைத்து, ஸ்கூட்டரில் வண்ணார்பேட்டைக்குக் கிளம்பினோம். வேகத்தடை வரும்போதெல்லாம் பின்னாலிருந்து "பைய போங்க" என்று குரல் வந்தது.

கடைக்காரரிடம் நான் நடந்ததை விரிவாகச் சொன்னேன். எர்த்தைப் பற்றித் தனியாக ஒரு அத்தியாயம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன எண்ணுததுக்குள்ள நிக்கு, அண்ணாச்சி?"

நாலு என்றேன். அவர் திருப்புளியை எடுத்தார். முன்பக்கப் பொத்தானிலிருந்து வருகிற சின்ன ஒயரைப் போர்டிலிருந்து பிடுங்கினார். அது இருந்த இடத்தில் இரண்டு ஊசிகள் நின்றன. திருப்புளி நுனியால் இரண்டையும் ஒரு கணம் தொட்டு எடுத்தார். பெட்டி ஓடத் தொடங்கியது. நாலு எண்ணினேன், பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். ஓடிக்கொண்டே இருந்தது.

பொத்தானை நாலு நொடி விடாமல் அமுக்கினால் எந்தக் கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். அது எனக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். என் பொத்தான் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அமுங்கியபடியே மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் முன்பக்கத் தகட்டைக் கழற்றிப் பொத்தானை நெம்பி எடுத்தார். அதைச் சுற்றிலும் பழுப்பாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"சந்தனம்லா இது," என்று சொல்லிவிட்டு என் மனைவியைப் பார்த்தார்.

இந்த இடத்தில், நான் மேலே சொல்லாமல் தாவிவிட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை எல்லாம் பூட்டி முடித்துப் பொத்தான் மேல் விரலை வைத்தபோது, ஓடாவிட்டால் என்ன ஆவது என்று தோன்றிவிட்டது. அவள் அடுக்களையில் இருந்தாள். நான் பூனைபோல எழுந்து போய், அலமாரியிலிருந்த கிண்ணத்தில் விரலை விட்டு, அந்தப் பொத்தானின் மேலேயே சந்தனத்தை வைத்தேன். ஓடுவது அங்கேயிருந்துதானே தொடங்குகிறது என்று ஒரு கணக்கு. பழக்கமில்லாத பக்தி, அளவு தெரியவில்லை. பசைக்குப் பட்டாணி அளவு என்று சொன்ன வீடியோக்காரன் சந்தனத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. நெல்லிக்காய் அளவு அப்பிவிட்டேன். பிறகு அவள் பார்த்துவிடுவாளே என்று துண்டால் அவசரமாகத் துடைத்தேன். துடைத்ததில் பாதி துண்டுக்கு வந்தது, மீதி இடுக்குக்குள் போனது.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவள் வைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் என் பக்கம் திரும்பி ஒரு நொடி பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம் சொன்னாள்.

"நாந்தான் வச்சேன்."

"பொட்ட பெட்டி மேல வைக்கணும் மதினி. சுவிச்சுல வைக்கப்பிடாது," என்றார் அவர். இனி வைக்கமாட்டேன் என்றாள் அவள், வகுப்பில் குறும்பு செய்து பிடிபட்ட பிள்ளையைப் போல.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கடையின் மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கோயில் வாசலில் பஜ்ஜி தின்கிற பகுத்தறிவு, ஒரு கடைக்காரர் முன்னால் "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லத் துணியவில்லை. அவர் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துப் பொத்தானைத் துடைத்து மாட்டிக்கொடுத்தார். திரும்பி வரும்போதும் அவள் "பைய போங்க" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அவள் குளித்து, நல்ல பருத்திச் சேலை கட்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"அன்னைக்கு என்னன்னு வேண்டிக்கிட்டிய?"

உன் வகுப்பு நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டினேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் முந்தின நாள் எனக்காக ஒரு பொய்யை அவள் சொல்லியாகிவிட்டது, அதற்கு மேல் இன்னொன்றை அந்த வீடு தாங்காது.

"உன் கிளாசு ஞாபகமே இல்ல," என்றேன். "உன் தம்பி முன்னால மூக்கறுபடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

அவள் கோபப்படவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும்போல. இருண்டிருந்த திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சரி. இப்ப எனக்காக ஒருக்க வேண்டிக்கிடுங்க. கைய மட்டும் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எப்படி வேண்டுவது என்று தெரியவில்லை. எட்டு எட்டாகத் தெரியட்டும் என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன். அவள் பொத்தானை அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் மூன்று முகங்கள் பெரிய திரையில் வந்து "வணக்கம் டீச்சர்" என்றன. அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பின்னத்தில் ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தது. அது முடிகிறவரை நான் கையை அவிழ்க்கவில்லை.