டோலக்குக்கு முன் நிரப்ப வேண்டிய கட்டங்கள்

கொழும்புக்கு வந்த பிறகு நான் ஸ்டொப்வாட்ச் வைத்து ஜெபிக்கிறேன். கோட்டாஞ்சேனையில் அறை; வேலையும் சபையும் வெள்ளவத்தையில். காலை பஸ்ஸில் கண்ணை மூடும்போதே கைபேசியில் நேரத்தை ஓடவிடுவேன். கண்டக்டர் "மல்லி, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று சிங்களத்தில் சொல்லி முன்னால் தள்ளினால் நிறுத்துவேன். தள்ளி முடிந்ததும் தொடர்வேன். கண்டக்டருக்குப் போன அரை நிமிடத்தைக் கர்த்தர் பெயரில் எழுதுவது களவல்லவா?

எழுதுவதற்குச் சபையில் தந்த ஓர் அட்டை உண்டு. நாள்தோறும் ஜெபித்த நிமிடங்கள், வாசித்த அதிகாரங்கள், வியாழக்கிழமை உபவாசம். நான்கு வாரம் ஒரு கட்டமும் வெறுமையாக இல்லாவிட்டால்தான் பாடற்குழுவில் சேரலாம். எனக்கோ சபையின் மூலையில் இருந்த டோலக்கின் மேல் கண். என்னைப் போல மலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லார் வீட்டுப் படிவங்களையும் நிரப்பியவன். கட்டம் போட்ட தாளைக் கண்டால் கை துருதுருக்கும். அட்டையை வாங்கிய அன்றே பரலோகத்தில் பாதி பாஸ் என்று நினைத்தேன்.

தோட்டத்து ஜெபவீட்டில் இப்படி எதுவும் இல்லை. தகரக் கூரையில் மழை பிடித்தால் பிரசங்கம் கேட்காது. போதகர் வேதப்புத்தகத்தை மூடிவிட்டு என்னிடம், "டேய், டோலக்க எடுடா" என்பார். மழை விடும்வரை பாட்டுத்தான். அம்மாவின் ஜெபமோ பாதியில் சண்டையாகிவிடும்: "ஆண்டவரே, கங்காணி என்னைய ஏசுறான், நீ பாத்துக்கிட்டுத்தான இருக்க?" போன மாதம் தொலைபேசியில் கேட்டார், "சாமிகிட்ட என்னப்பா பேசுன?"

"முப்பது நிமிசம் ஜெபிச்சேம்மா."

"அத கேக்கல."

யோசித்துப் பார்த்தேன். முப்பது நிமிடத்தில் ஒரு சொல்லும் ஞாபகத்தில் இல்லை. கொஞ்சம் பயம் வந்தது.

நான்காம் வாரம் வியாழன் மாலை. வேலை முடிந்து அறைக்கு வந்து, ஸ்டொப்வாட்சை ஓடவிட்டு முழங்காலிட்டேன். வீட்டுக்காரர் பிலோமினா அக்கா கதவைத் தட்டினார். அவர் கத்தோலிக்கர், மறுநாள் அவர்களுடைய கோயில் திருநாள்.

"தம்பி, உள்ளுக்குப் பூட்டிக்கிட்டு என்ன செய்றீங்க? வெங்காயம் உரிக்க ஆளில்ல, வாங்க."

போனேன். நாலு பெண்கள், ஒரு சாக்கு வெங்காயம். "அந்தோனியாரே, இந்தக் கண்ணீரையும் என்ட பாவக் கணக்குல சேத்துக்கங்க" என்று அக்கா மூக்கை உறிஞ்ச, எல்லோரும் சிரித்தார்கள். யாரோ பாட்டெடுத்தார்கள். பக்கத்தில் வெறும் பிஸ்கட் டின் ஒன்று கிடந்தது. அதைக் கவிழ்த்து அடித்தது என் கைதான், நான் அல்ல. நடுவில் ஒரு கட்லட்டும் உள்ளே போயிற்று. அன்று உபவாசம் என்பது அதை விழுங்கிய பிறகே நினைவு வந்தது. பிறகு இன்னொன்று.

அறைக்குத் திரும்பியபோது ஸ்டொப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது: ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம். என் வாழ்நாளின் மிக நீண்ட ஜெபம். பேனையை எடுத்தேன், எழுத மனம் வரவில்லை. வியாழனை வெறுமையாகவே விட்டேன்.

ஞாயிறு, இளைஞர் பொறுப்பாளர் ஜெயசீலன் அண்ணன் அட்டையைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்.

"வியாழக்கிழமை ஏன் தம்பி வெறுமையாக் கிடக்கு? ஜெபிக்கேல்லையோ?"

"தெரியலைங்க அண்ணே. ஆனா சந்தோசமா இருந்தேன்."

அவர் அட்டையை மேலும் கீழும் தேடினார். பகிடியே இல்லை, உண்மையிலேயே தேடினார்.

"அதுக்குக் கட்டம் இல்லையே, தம்பி."

புது அட்டை ஒன்றைத் தந்தார். இன்னும் நான்கு வாரம். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். முன்னால் வேறொருவர் டோலக்கை அளந்து அளந்து தட்டினார். என் வலது கை வெற்று அட்டையைக் கவனமாகப் பிடித்திருந்தது. வெங்காய வாசம் போகாத இடது கை, பிளாஸ்டிக் கதிரையின் அடியில், எங்கள் தோட்டத்து மழைக்குத் தாளம் அடித்துக்கொண்டிருந்தது.