பென் டிரைவில் ஏறிய கிளி

வலியுல்லா பாயின் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடை வாசலில், ஸ்டூல் மேல் ஏறி நின்று, "வாம்மா வாம்மா, உள்ள வந்து பாரும்மா, பாக்கறதுக்கு இன்னா காசா கேக்கறேன்" என்று இருபத்தாறு வருஷம் கத்தியவர் அவர்தான். முதலாளி மைக் வாங்கிக் கொடுத்தபோது தொடக்கூட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு திமிர் அந்தத் தொண்டைக்கு.

கடைசியில் அந்தத் தொண்டையிலேயே புற்று வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

நான் செந்தில்குமார். மந்தைவெளியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பாய் வீடு கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷன். அவர் மகள் ஃபிசா படிப்பதற்காக வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருந்தது. அவள் கல்யாணமாகி ஆதம்பாக்கம் போன பிறகு அது துணி போர்த்திக்கொண்டு தூங்கியது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் நிஷா மேடம்தான் அதை எழுப்பச் சொன்னார். படம் படமாக ஒரு ப்ரோகிராம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாக்கியம் பேசிப் பதிந்துகொள்ளலாம். அப்புறம் படத்தை அமுக்கினால் பதிந்த குரல் பேசும். "ஆபரேஷனுக்கு முன்னாடியே உங்க குரல்ல பேசி வெச்சுடுங்க பாய்" என்றார். அந்த ப்ரோகிராமுக்கு அடையாளம் ஒரு பச்சைக் கிளி.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தேன். அது என் புத்தி. கடைசியில் திட்டு வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுக் கொடுத்தேன்.

ஒன்பது நாள் உட்கார்ந்து பேசினார் மனிதர். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். "வஜீ, டீல சக்கரை பத்தலை." "ஃபேனைப் போடு." "ஃபிசா, மாப்ள நல்லாகீறாரா?" "எனக்கு வலிக்கலை." குக்கர் விசில், காக்கா, பள்ளிவாசல் பாங்கு எல்லாம் பின்னால் கேட்கும். கடைசிப் படம் ஒரு பிறை நிலா. அதற்குப் பேசும்போது மட்டும் என்னையும், அவர் மனைவி வஜீஹா அக்காவையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து வந்தார். தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். இரண்டே நாளில் அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டார். அவருக்குக் கிளிதான்.

ஆனால் கிளியைத் தேடி ஸ்டார்ட் மெனுவைத் திறந்தால் சந்தைக்கடை. விளையாட்டு, வானிலை, செய்தி, யாரும் கேட்காத பத்து இருபது சமாச்சாரம். அவசரமாகத் தண்ணீர் கேட்கப் போனவருக்கு ஊர் வெயில் எத்தனை டிகிரி என்று திறந்துகொள்ளும். கோபத்தில் மேஜையைக் குத்துவார். நான் போய் ஒவ்வொன்றாக அங்கிருந்து எடுத்துவிட்டு, கிளியை மட்டும் பெரிதாக, தனியாக வைத்தேன்.

"மத்ததெல்லாம் அழிச்சுட்டியா தம்பி?" என்றார் வஜீஹா அக்கா.

அங்கே இருப்பவை ப்ரோகிராம்கள் இல்லை, அவை இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டிப் பலகைகள்தான், பலகையை எடுத்தால் ஊர் அழியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. எனக்கு அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம். "இங்க கிளி இருந்தா போதும்க்கா. கிளிய மட்டும் பத்திரமா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவர் பத்திரமாகத்தான் பார்த்துக்கொண்டார்.

ஒன்றரை வருஷம் ஓடியது. இந்த ஆடி மாசம் வைரஸ் ஏறி, கம்ப்யூட்டர் ஆமையாகிவிட்டது. "டீ கேட்டாருன்னா குடிச்சு முடிச்சப்புறம் சொல்லுது தம்பி" என்று அக்கா சிரித்தார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், வேண்டியதை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். அக்காவே கம்ப்யூட்டரை ஆட்டோவில் தூக்கி வந்தார்.

"காப்பி எடுத்தாச்சாக்கா?"

"ஃபிசா போன்லயே சொல்லிக் குடுத்தா. கிளி மேல ரைட் கிளிக் பண்ணி, அது எங்ககீதுன்னு தொறந்தேன். அங்க கிளி குந்திக்கினு கீது. அப்படியே காப்பி பண்ணிட்டேன்." அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. "நீ வேணா பாரு."

பென் டிரைவை என் எதிரிலேயே அந்தக் கம்ப்யூட்டரில் சொருகினார். உள்ளே கிளி இருந்தது. அமுக்கினார். கொஞ்ச நேரம் முனகிவிட்டுத் திறந்தது. ஒரு படத்தைத் தட்டினார். "வஜீ, டீல சக்கரை பத்தலை" என்று பாயின் குரல் என் கடை முழுக்கக் கேட்டது.

"பாத்தியா!" என்றார்.

"சூப்பர்க்கா" என்றேன்.

பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கிளியின் காலடியில் சின்ன அம்புக்குறி இருந்தது. பலகைக்கு இருக்கிற அடையாளம் அது. பென் டிரைவில் வந்தது பலகை மட்டும்தான். அது கைகாட்டிய ஊர் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்கிலேயே இருந்ததால் குரல் வந்தது. ஒரு நாய்க்குட்டிக்குக்கூட இதைச் சொல்லிக் கொடுக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டு நேரம், பசி.

இன்னொரு கேடும் உண்டு. மற்றவர்கள் மேலோட்டமாக அழிப்பார்கள். நான் வைரஸ் என்றால் டிஸ்கை ஒரு மூலை விடாமல் தேய்த்துக் கழுவுவேன். அதில் எனக்கு ஒரு கெத்து. அன்றைக்கும் கழுவினேன்.

சாயங்காலம் எல்லாம் புதிதாகப் போட்டு, பென் டிரைவைச் சொருகிக் கிளியை அமுக்கினேன். அது காட்டும் இடத்தில் ஒன்றும் இல்லை என்று திரையில் வந்தது. அளவைப் பார்த்தேன். இரண்டு கேபி. முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியம் பேசிய மனிதர் இரண்டு கேபியில் எப்படி இருப்பார்?

மூன்று நாள் தேடினேன். ரிச்சி தெருவில் என் சிநேகிதன் பாலு இப்படி அழிந்ததையெல்லாம் மீட்டுக் கொடுப்பவன். அவன் ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "நைனா, நீ தொடச்ச தொடப்புக்கு அங்க தூசிகூட இல்ல. இன்னாத்த தேடறது?" என்று டிஸ்கைக் கையில் கொடுத்தான். நிஷா மேடத்துக்குப் போன் போட்டேன். ப்ரோகிராம் எத்தனை தடவை வேண்டுமானாலும் தருகிறேன், குரல் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும்தானே இருந்தது என்றார். ஃபிசாவின் கல்யாண வீடியோவில் பாய் வாயசைக்கிறார், மேலே பாட்டு ஓடுகிறது. பக்கத்திலேயே இருக்கிற மனிதரை யார் ரெக்கார்டு பண்ணி வைக்கிறார்கள்!

நாலாம் நாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். பாய் கட்டிலில் உட்கார்ந்து ஆவலாகப் பார்த்தார். நிஷா மேடம் மறுபடி தந்த கிளியைத் திறந்து கொடுத்தேன். வேகமாகத் திறந்தது, கண்றாவி. பாய் தண்ணீர்ப் படத்தை அமுக்கினார். சத்தமில்லை. ஸ்பீக்கரைக் காட்டி என்னைப் பார்த்தார். மறுபடி அமுக்கினார்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அக்கா அடுப்படி வாசலில் நின்று கேட்டார்.

"நான் பாத்தேனே தம்பி. உன் கடையிலயே பேசிச்சே."

"தப்பு என்னோடதுக்கா. உங்க மேல ஒண்ணுமில்ல."

"கிளியத்தானே பாத்துக்கச் சொன்ன?"

அக்கா கிட்டே வந்து, பாய்க்குக் கேட்காத குரலில் கெஞ்சினார். "எல்லாம் போனா போவுது. அந்த நிலா மட்டும் எடுத்துக் குடுத்துடு. அதுல இன்னா பேசிகீறாருன்னு உன்கிட்ட சொல்ல முடியாது. டெய்லி படுக்கறதுக்கு முன்னாடி எனக்குப் போட்டுக் காட்டுவாரு தம்பி."

பாவி நான், அவர் முகத்தைப் பார்க்காமல் போனைத் தடவினேன்.

அப்போதுதான் சட்டென்று தோன்றியது. பாய் ஒரே ஒரு தடவை எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருக்கிறார். ஆபரேஷனுக்கு முன்னால், நான் இழுத்தடித்துப் போனையும் எடுக்காமல் இருந்த அந்த வாரம். மேலே மேலே தள்ளித் தேடினேன். இருந்தது. அமுக்கினேன்.

"டேய் செந்திலு! நாளிக்கு வரேன், நாளிக்கு வரேன்னு நாலு நாளா உயிரை வாங்கறியே, மனுசனாடா நீ? வந்து தொலைடா!"

ரங்கநாதன் தெருக் குரல், கொஞ்சமும் குறையாமல். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பாய் என் போனைப் பிடுங்கி மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். பிறகு திரையைக் காட்டி, இதை இங்கே ஏற்று என்று சைகை செய்தார்.

"எந்தப் படத்துல பாய்?"

முதல் படத்தைக் காட்டினார். தண்ணீர்.

மூன்று மாசம் ஆகிறது. வாரம் ஒருமுறை போகிறேன், செய்ய ஒரு வேலையும் இல்லாமல். மீதி முந்நூற்றுப் பதினோரு படமும் வாயை மூடிக்கொண்டு நிற்கின்றன. தண்ணீருக்கும் டீக்கும் ஃபேனுக்கும், ராத்திரி படுக்கப் போகும்போதும், பாய்க்கு அந்த ஒரு படம்தான். போன வெள்ளிக்கிழமை நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அமுக்கினார். நான் மனுசனா என்று வீடு அதிரக் கேட்டது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து தொலைடா!" என்று முடிந்தது.

"தோ வந்துட்டேங்க" என்று உள்ளேயிருந்து வஜீஹா அக்கா சொன்னார்.