ரோஸாக விழுந்த நீலப் பூ

கல்யாண சீசனில் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சின்னமனூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தேன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், எனக்குக் கல்யாணமும் கூடி வரவில்லை, ஸ்டுடியோவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தேன். யாரென்றே தெரியாத மாப்பிள்ளையைப் பார்த்து "சிரிங்க, சிரிங்க" என்று தொண்டை வறளக் கத்திவிட்டு வந்து, நானே உலை வைத்து நானே தின்ன வேண்டும். அதனால் முகூர்த்தம் இல்லாத நாளில், பிலிம் ரோலில் மிச்சமிருக்கும் நாலைந்து பிரேமோடு மேகமலை பஸ் ஏறிவிடுவேன்.

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில்தான் அதைப் பார்த்தேன். டீ எஸ்டேட் முடிந்து சோலைக்காடு தொடங்குகிற இடம். தண்ணீர் கசியும் பாறையில் ஒட்டிக்கொண்டு ஒரு சாண் உயரச் செடி, அதில் மூன்றே மூன்று பூ. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம்! எத்தனையோ வருஷமாக அந்த மலையில் சுற்றுகிறேன், அந்த நிறத்தில் ஒரு பூவைக் கண்டதில்லை. மேகம் விலகட்டும் என்று ஒன்றரை மணி நேரம் ஈரப் பாறையில் குப்புறக் கிடந்தேன். இரண்டு காலிலும் அட்டை ஏறி உறிஞ்சியது. அசைந்தால் பூ ஆடும் என்று தட்டிவிடவும் இல்லை. வெயில் எட்டிப் பார்த்த ஒரு நிமிஷத்தில் மிச்சமிருந்த ஐந்து பிரேமையும் எடுத்து முடித்தேன். "இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட வாய் வரை வந்துவிட்டது. சுற்றிலும் ஈ காக்கை இல்லை.

பிலிம் கழுவும் தேனி லேபில் பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஐந்திலும் பூ ரோஸ். அதே ரோலில் கல்யாணப் பெண்ணின் நீலப் பட்டு நீலமாகத்தான் இருந்தது. என்னய்யா செய்து வைத்தாய் என்று லேப்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பிரிண்டு சரியாத்தாண்ணே இருக்கு. சில நீலப் பூவு பிலிம்ல ரோஸாத்தான் விழுகும். ஏன்னு எனக்கும் தெரியாது."

இதில் மனசு ஆறுமா? கல்லூரியில் தாவரவியல் நடத்தும் வாத்தியார் ஒருவரைத் தேடிப்பிடித்துக் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பொறுமையாகத்தான் பார்த்தார்.

"இதே மாதிரி ரோஸ் பூ மலை பூராக் கிடக்கு. நீலம்னா பெரிய விஷயந்தான். ஆனா படத்துல ரோஸால்ல இருக்கு? உங்க கூட வேற யாரும் பாத்தாகளா?"

பிரிண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மறு வருஷம் அதே மாதம் போனேன். மண் சரிந்து பாறையே மூடிக் கிடந்தது. டீக்கடையில் சொன்னால் கேலி. "ஏலே, ரோஸ நீலங்குறவன நம்பியா எம்மக கல்யாணத்துக்குப் படம் எடுக்கச் சொல்றது?" என்றான் கூடப் படித்த ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் பயம் பிடித்துக்கொண்டது. கோளாறு என் கண்ணில்தானோ? நான் நீலம் என்கிறதெல்லாம் மற்றவர்களுக்கும் நீலம்தானா? படம் எடுக்கிறவனுக்குக் கண் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? கண் டாக்டரிடம் போகவும் தைரியம் வரவில்லை, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

வீட்டில் ஒரு ஆள் இருந்தால், இந்தச் சட்டை என்ன கலர், பார்த்துச் சொல்லு என்று கேட்டுவிடலாம். எனக்கு யார் இருக்கிறார்கள்? கம்பம் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம், "உங்க சேலை என்ன கலருங்க?" என்று கேட்டே விட்டேன். "வயசென்ன ஆகுது ஒனக்கு? கேக்குற கேள்வியப் பாரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பாதி வழியில் இறங்கி நடந்தேன்.

நாலு வருஷம் இப்படியே போனது. ஒருநாள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தார். என் வயதுதான் இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தவர், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த பிரிண்டைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"இது எங்க சோலைப் பூவுல்ல? ஏண்ணே இப்பிடி ரோஸாக்கி வச்சிருக்கீக? நல்லா நீலமால்ல இருக்கும்!"

கேமராவைக் கீழே வைத்தேன். "என்ன கலருன்னு சொன்னீக?" என்றேன்.

"நீலம்."

"இன்னொரு தடவ சொல்லுங்கம்மா."

எனக்குக் காது மந்தம் என்று நினைத்துவிட்டார் போல. பக்கத்தில் வந்து குனிந்து, "நீலம்ணே, நீலம்!" என்று உரக்கச் சொன்னார்.

எனக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு தடவ" என்றேன்.