தோல் இல்லாத பலகாரம்

நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தபோது திருநெல்வேலி லைனில் விளக்கு எரிந்தது. அந்தப் பக்கத்து ஆபரேட்டர் வழக்கமான ஹலோகூடச் சொல்லவில்லை. "தம்பி, உங்க தவமணி அண்ணாச்சி ஆஸ்பத்திரியிலயே போயிட்டாவ. வீட்டுக்குச் சொல்லிருங்க" என்றார். ஊராரின் சாவுச் சேதியையெல்லாம் இணைத்துக் கொடுத்தவரின் சேதி, அவர் உட்காரும் போர்டுக்கே வந்தது.

அழுதுகொண்டு எழுத எனக்கு வரவில்லை. அவரை நினைத்தால் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. பம்பாய் கால் கிடைக்கவில்லையென்று ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கத்தினார். "அண்ணாச்சி, இம்புட்டுச் சத்தம் போடுதீங்களே, போனை வச்சிட்டு ஜன்னல் வழியாப் பேசுங்க. பம்பாய்க்கே கேட்டுரும்" என்றார் தவமணி. முதலாளி சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு லைனில் 'சார், சார்' என்று குழைந்த அதே ஆள், நேரில் வந்து இவர் எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு 'வா, போ' என்று பேசினார்.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? அவர் மகள் காதுகுத்துக்குப் போனோம். வாசலில் பெஞ்சு போட்டுக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். வாழைப்பழம், அவித்த நிலக்கடலை, ஓட்டோடு முட்டை எல்லாம் காலியாயிற்று. இலையில் வைத்த கறிச்சோற்றை மட்டும் யாரும் தொடவில்லை. கேட்டால், அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வயிறு சரியில்லையாம்.

"பாத்தியாலே, நம்ம ஆபீஸ்காரவியளுக்குத் தோல் இருந்தாத்தான் உள்ள இறங்குது. நான் தொட்ட இடத்தை உரிச்சுத் தூரப் போட்டுட்டுல்லா திங்காவ" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கே விருந்து வைத்தார். தோல் உள்ளது எதுவும் கிடையாது என்று முடிவு செய்திருந்தார். மெட்ராசில் பயிற்சியில் இருந்தபோது ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒன்று தின்றிருக்கிறார்: அவித்த முட்டையை உரித்து, கொத்துக்கறியால் போர்த்தி, எண்ணெயில் பொரித்தது. பேர் ஸ்காட்ச் எக். அந்தக் கடையில் யாரும் அவரை எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

"ஓட்டை நானே உரிச்சிருதேன். நான் பிசைஞ்ச கறியை அதுமேல மூடுதேன். இனி எதை உரிப்பாவ?"

காலையிலேயே போய்விட்டேன். ஊருக்குள் நிலபுலம் உள்ள சம்சாரி வீட்டுப் பிள்ளையான நான் அதுவரை அடுப்பைப் பார்த்ததோடு சரி. கொத்துக்கறியை இஞ்சி, சோம்பு, பொரிகடலை மாவு சேர்த்து அம்மியில் ஓட்டி அண்ணாச்சி பிசைந்து வைத்திருந்தார். அதை உள்ளங்கையில் தட்டி, முட்டையை நடுவில் வைத்து மூடி, ரஸ்க் தூளில் புரட்ட வேண்டும். "முட்டையைத் துடைலே, ஈரம் இருந்தா கறி வழுக்கும்" என்று அவர் கத்தக் கத்த நான் அவசரப்பட்டேன். அடுப்பில் பருத்திமார் விறகையும் அள்ளித் திணித்துவிட்டேன். நான் மூடியவை எல்லாம் எண்ணெயில் வாய் பிளந்தன. "தம்பி முட்டை பொரிக்கல, வெடி போடுதாவ" என்று அவர் மனைவி செல்லம் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆபீஸ்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் தட்டு வந்தது. நம் சூப்பர்வைசர் கேட்டார்: "எந்த ஓட்டல்ல வாங்குனது?" அவருக்குத் தேவை ஒரு பொய்.

"வீட்டுல செஞ்சது சார்."

சூப்பர்வைசரின் கண் என் சட்டையில் ஒட்டியிருந்த மாவில் நின்றது. "ஏலே, நீதான செஞ்சே? அப்பச் சரி."

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். ஆமாம் என்றால் தட்டு காலியாகிவிடும். ஆனால் அந்த வீட்டில் யாரும் கை நனைத்ததாக ஆகாது. நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"அவன் செஞ்சதும் இருக்கு சார். அந்தா, வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கே, அதெல்லாம் அவன் கைவண்ணம். உருண்டையா இருக்கது என்னுது. வேணுங்கிறதை எடுத்துக்கிடுங்க."

சூப்பர்வைசர் பிளந்ததில் ஒன்றைப் பொறுக்கிக் கடித்தார். பாதி உள்ளே போனதும் அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "ஆனா அதுக்கும் கறி பிசைஞ்சது நான்தான் சார்."

சூப்பர்வைசர் மென்றார். மென்றுகொண்டே இருந்தார். விழுங்கினார். "ஏம்யா, இதை மொதல்லயே சொல்லியிருந்தா நல்லதாப் பாத்து எடுத்திருப்பேன்லா" என்று உருண்டையான ஒன்றுக்குக் கையை நீட்டினார். வீடே அதிர்ந்து சிரித்தது. தட்டு காலி.

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய். சூப்பர்வைசர் மறுநாளும் தன் தம்ளரை அலமாரியில் வைத்துப் பூட்டினார். போன வாரம் சாவு வீட்டுக்கு வந்தவர்களிலும் பாதிப் பேர் தெருவில் நின்று கலர் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரம் வந்தால் கத்தத்தான் தெரியும். அண்ணாச்சி தன் ஆத்திரத்தைப் பொரித்துத் தட்டில் வைத்து, எதிராளியையே இன்னொன்று கேட்க வைத்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சிரிப்பில் கொஞ்சமும், முட்டையைத் துடைக்கும் பொறுமையும். பதினாறாம் நாள் காரியத்துக்குச் செல்லம் அக்காவும் நானும் சேர்ந்து பொரிக்கிறோம். எல்லாரும் வாருங்கள். வாழைப்பழம் கிடையாது. யார் மூடியது எது என்று பார்த்துப் பொறுக்கவும் முடியாது. நான் மூடுவது இப்போது வெடிப்பதில்லை.